அறுபத்து மூணு நாள் மழை

“சவத்து மூதி, திரும்பவும் அதே நம்பரத்தான் சொல்லுது.”

வேல்விழி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பின்னால் தொங்கிய ஈரச் சட்டை அவள் தலையில் மோதியது. குத்துக்கல்வலசையில் வெயில் முகம் காட்டி ஆறு நாளாயிற்று. சாரல் சாரல் என்று ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் கார் எடுத்து வருகிறது. இங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது துணி காயாத காலம். முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் போலீஸ்காரப் புருஷன் சுபாஷின் காக்கிச் சட்டைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே குனிந்துதான் மேசைக்கு வர வேண்டும். ஈரத்துணி வாடையில்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

“என்ன நம்பர்ட்டி? கேஸ் புக் பண்ணுன நம்பரா?” அடுப்படியிலிருந்து மாமியார் பார்வதியம்மாள் கேட்டாள்.

“உங்களுக்குச் சொன்னா வெளங்காது அத்தை.”

“வெளங்காதத எதுக்கு காலைல இருந்து கத்திச் சொல்லுத?”

வேல்விழி ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சிவில் பாடம் நடத்துகிறாள். ஆறு வருஷமாகப் பகுதி நேர பி.எச்டி. குற்றால மலையடிவாரத்து ஓடைகளில் பெருமழைக்கு எவ்வளவு வெள்ளம் வரும் என்பது தலைப்பு. வழிகாட்டி நாகர்கோவிலில் இருக்கிற தாணுமாலயன் சார். கணக்குப் போடுகிற புரோகிராம் அவருடையது. அவர் மாணவராக இருந்தபோது ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்காக ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஃபைலின் பெயர் RAIN.DAT என்றுதான் இருக்க வேண்டும், வேறு பெயர் வைத்தால் திறக்காது. ஒவ்வொரு வரியிலும் இத்தனையாவது இடத்தில் தேதி, இத்தனையாவது இடத்தில் மழை என்று கட்டம் போட்ட மாதிரி எழுதித் தர வேண்டும். ஒரு இடைவெளி கூடிப்போனால் பன்னிரண்டு மில்லிமீட்டரை ஒன்று என்று படித்துக்கொண்டு போய்விடும். தப்பு என்று சொல்லாது. அதுதான் அவளுக்குக் கோட்டி பிடிக்க வைத்தது.

மழைக் கணக்கு மலைமேல் இருக்கிற ஓர் எஸ்டேட்டிலிருந்து கிடைத்தது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம், முப்பது வருஷத்துக்கு முன்னூற்று அறுபது பக்கம். வேல்விழி அத்தனையையும் போனில் படம் எடுத்து வந்தாள். எட்டு மாதம் உட்கார்ந்து அதை ஒவ்வொரு நாளாக அடித்துக் கொடுத்தவள் சுபாஷின் தங்கை அனுசியா.

அனுசியா ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புளியங்குடியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினவள். அவள் புருஷன் எலுமிச்சை கமிஷன் கடைக்காரன். என்ன நடந்தது என்று இந்த வீட்டில் யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. “பேசிக்கிடுவோம்” என்று சுபாஷ் சொன்னான். பேசாமலே ரெண்டு சாரல் போய்விட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் வேல்விழி தன் ஆராய்ச்சியைக் கமிட்டி முன் வாசித்தபோது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: “முப்பது வருஷம்னா பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு நாள் வரணுமே. உங்க அட்டவணையில பத்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலுன்னு இருக்கே?” அறுபத்து மூன்று நாள் குறைந்தது. தாணுமாலயன் சார் முந்திக்கொண்டு, “டேட்டா என்ட்ரில விட்டிருப்பாங்க, சரி பண்ணிடுவோம்” என்றார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தீசிஸைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இன்றைக்குச் செவ்வாய்.

அனுசியா உள்ளறையிலிருந்து ஒரு நோட்டோடு வந்தாள்.

“மதினி, முடிச்சிட்டேன். முன்னூத்தி அறுவது பக்கமும் திரும்பப் பாத்தாச்சு. மாசத்துக்கு எத்தன நாளுன்னு எண்ணி எண்ணி எழுதிருக்கேன். கூட்டிப் பாருங்க, சரியா வருது.”

“வரலயே அனுசியா. இங்க அறுவத்து மூணு கொறையுதே.”

“எங்கிட்ட கொறையல. நான் ஒரு நாள் கூட விடல.”

“அப்ப புரோகிராம் பொய் சொல்லுதா? முப்பத்தஞ்சு வருசமா ஓடுது அது. அத வச்சு எத்தனயோ பேரு டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் போயிட்டாவ.”

“புரோகிராம் எனக்குத் தெரியாது. நான் அடிச்சது எனக்குத் தெரியும்லா.”

“எங்கயாவது ஸ்பேஸ் கூட விட்டுருப்ப. பக்கத்துல டிவி ஓடும், அதப் பாத்துக்கிட்டே அடிச்சிருப்ப.”

“விட்டுருந்தா எந்த வரின்னு காட்டுங்க, இப்பமே திருத்தித் தாரேன். சும்மா கொறையுது கொறையுதுன்னு மூணு வாரமா சொன்னா நான் எங்கன போயித் தேட?”

எந்த வரி என்று வேல்விழியால் காட்ட முடியவில்லை. புரோகிராம் சொன்னால்தானே. அது கடைசியில் ஒரு எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. காக்கிச் சட்டையிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் கீபோர்டில் விழுந்தது. அவள் வாயில் வந்துவிட்டது.

“உனக்கு எதத்தான் முழுசா முடிக்கத் தெரிஞ்சிருக்கு?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அனுசியா நோட்டை மேசைமேல் வைத்தாள். அது கோணலாக இருந்தது. நேராக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அனுசியா சாப்பிட வரவில்லை. பார்வதியம்மாள் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மருமகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பெத்தவ நானு. ரெண்டு வருசமா அவகிட்ட கேக்க வாய் வராம கெடக்கேன். நீ ஒரு வாயில கேட்டுட்டியேட்டி.”

“நான் டேட்டாவத்தான் சொன்னேன் அத்தை.”

“அப்படியா?” என்றாள் பார்வதியம்மாள்.

மறுநாள் மத்தியானம் சுபாஷ் முழுக்க நனைந்து வந்தான். குற்றாலம் மெயின் அருவியில் சீசன் டியூட்டி. விடியற்காலையிலிருந்து குளிக்கத் தடை.

“மேல ஒரே ஊத்தா ஊத்திட்டு. தண்ணி செங்கல் கலர்ல வருது. இவனுவளுக்குச் சொன்னா ஏறமாட்டுக்கு. ‘நானூறு கிலோமீட்டர் வந்துருக்கோம் சார், ஒரே ஒரு முங்கு’ங்கான். கயித்துக்கு அடியில நுழையுதான். ஒரு அம்மா, பிள்ளைக்கு மொட்ட போட்டாச்சு, தலையில தண்ணி ஊத்தியே ஆகணும்னு எம்மேல சாடுதா. தொண்ட கட்டிப் போச்சு.” துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான். “அனுசியா எங்க?”

பார்வதியம்மாள் சோறு வைத்தாள், சொதி ஊற்றினாள். வேல்விழி அச்சடித்த தாள்களை விரித்துப் போட்டு நாலாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று நாளுக்குக் கணக்கு இல்லை என்று அடிக்குறிப்பு எழுதிச் சமாளிக்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. சுபாஷ் இடது கையால் ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

“இது என்ன லிஸ்ட்டு?”

“ஒவ்வொரு வருசமும் ஒரே நாள்ல பெஞ்ச பெரிய மழை. கறி பட்டுரும், வைங்க.”

“தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தி ஒம்போதர, தொண்ணூத்தேழு, தொண்ணூத்தொம்போது…” அவன் விரலை இறக்கிக்கொண்டே போனான். “முப்பது வருசத்துலயும் ஒரு நாளு கூட நூறத் தாண்டலயா?”

“தாண்டல.”

“யாரு சொன்னா?”

“புரோகிராம் சொல்லுது. அந்த எஸ்டேட்டு மலைக்கு மறைவுல இருக்கு. அதனால பெருமழை கொறவு. நாலாவது அத்தியாயத்துல ஒரு பக்கம் அதப் பத்தி எழுதிருக்கேன்.”

“நம்ம கல்யாணத்துக்கு மறுவருசம் மெயின் அருவி ஆர்ச்ச மூடிட்டு வெள்ளம் போச்சே, அன்னைக்கு நான் அங்கனதான் நின்னேன். அது எந்த மலைக்கு மறைவு?” அவன் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான். “எனக்கு உன் படிப்பு தெரியாது. ஆனா கூட்டம் தெரியும். நாங்க கயிறு கட்டுனா கூட்டம் இப்படித்தான் கயித்த ஒட்டி நிக்கும். ஒருத்தன் கூட தாண்டலன்னா அங்கன யாரோ நின்னு தடுக்குதான்னு அர்த்தம்.”

“உங்களுக்கு எல்லாமே டியூட்டிதான்” என்று சொல்லப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் அனுசியா அடித்துத் தந்த ஃபைல். அந்த வருஷம், அந்தத் தேதி. 243.6 என்று இருந்தது. அடுத்து RAIN.DAT. அனுசியாவின் ஃபைலை வாசித்து, சாரின் புரோகிராமுக்கு வேண்டிய கட்டத்தில் எழுதித் தர வேல்விழியே ஃபோர்ட்ரானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். அது எழுதின ஃபைல்தான் இது. பதினோராயிரம் வரி, யார் திறந்து பார்க்கிறார்கள்? அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அதே தேதிக்கு இறங்கினாள். மழை இருக்க வேண்டிய இடத்தில் நாலு நட்சத்திரக் குறி.



நட்சத்திரத்தைத் தேடச் சொன்னாள். அறுபத்து மூன்று வரி வந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு நாளைக்கு நூறு மில்லிமீட்டர் பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. தாணுமாலயன் சார் மழைக்குப் புள்ளியையும் சேர்த்து நாலு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார். 99.9 வரைக்கும் அதில் அடங்கும். வேல்விழி யோசிக்காமல் அதே அளவைத் தன் புரோகிராமிலும் போட்டாள். நூறும் நூறுக்கு மேலும் வந்தால் இடம் பத்தாமல் ஃபோர்ட்ரான் நட்சத்திரத்தை எழுதி வைத்தது. படிக்கிற பக்கத்திலோ, படிக்க முடியாத வரி வந்தால் அடுத்த வரிக்குத் தாவு என்று சார் ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அது தாவியது. முப்பது வருஷத்தில் பெய்த பெருமழை ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் தாண்டித் தாண்டிப் போனது. வெள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் வெள்ளம் வந்த நாள் ஒன்றுகூட இல்லை.

“என்னட்டி, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?” என்றான் சுபாஷ்.

“தப்பு என் பேர்ல. நான் எழுதுன வரியில.”

“அப்ப அனுசியா?”

“அவ ஒண்ணும் விடல.”

சுபாஷ் அம்மாவைப் பார்த்தான். பார்வதியம்மாள் முந்தின நாள் நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னாள். அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். “எனக்கு நாலு மணிக்கு திரும்ப டியூட்டி. சொன்னவளே போயிச் சொல்லட்டும்.”

வேல்விழி ரெண்டு இடத்திலும் நாலை ஆறாக்கி, கட்டங்களைத் தள்ளி வைத்து ஓட்டினாள். பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. மூன்று வாரம் காத்திருந்த எண் ஒரு நொடியில் வந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய ஒரு நாள் மழை நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். இப்போது அது இருநூற்றுத் தொண்ணூறு. நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று அத்தியாயமும் போச்சு. சாருக்குப் போன் போட்டாள்.

“நான்சென்ஸ்” என்றார் தாணுமாலயன். “ராம்நாட்டுல முப்பத்தஞ்சு வருஷமா ஓடுன புரோகிராம்மா அது.”

“ராம்நாட்டுல ஓடும் சார். குத்தாலத்துல தாவுது.”

“இப்ப இருக்கறத சப்மிட் பண்ணிரு. கரெக்‌ஷன்ல மாத்திக்கலாம்.”

“பெரிய மழைய எல்லாம் விட்டுட்டு வெள்ளத்துக்கு எப்படி சார் கணக்கு குடுக்க? நாளைக்கு எவனாவது இத வச்சு ஓடைக்குப் பாலம் கட்டுவான்.”

“ஒரு பாலமும் கட்டமாட்டான். யாரு தீசிஸப் படிக்கா?” பெருமூச்சு விட்டார். “சரி. அவகாசம் கேட்டு ஒரு லெட்டர் எழுது, நான் ஃபார்வர்ட் பண்றேன். காரணம், டேட்டா என்ட்ரி எரர்னு போடு. அதுன்னா கமிட்டி கேள்வி கேக்காது. டைப் பண்ணுன பொண்ணு விட்டுட்டான்னு முடிஞ்சிரும். புரோகிராம்ல தப்புன்னு போட்டா உன்னையும் குடைவான், என்னையும் குடைவான். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ்.”

பின்கட்டில் அனுசியா பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“அப்படி எழுத மாட்டேன் சார். அந்தப் பொண்ணு ஒரு நாள் கூட விடல. ரெண்டு தடவ சரி பாத்துருக்கா. ஃபைல் எழுதுன புரோகிராம் என்னோடது. என் பிழைன்னு போடுதேன். உங்க புரோகிராமப் பத்தி அவங்க கேட்டா அப்ப சொல்லுவேன்.”

“உன் இஷ்டம். ரிஜெக்ட் பண்ணுனா எங்கிட்ட வந்து அழாத” என்று போனை வைத்தார்.

வேல்விழி உடனே உட்கார்ந்து லெட்டரை எழுதி அனுப்பினாள். எழுதிய பிறகுதான் வேறொன்று இதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தகரக் கூரையில் மழை காதை அடைக்கிற மாதிரி அவயம் போட்டது. அனுசியா முறத்தில் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். வேல்விழி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ரெண்டு ஃபைலையும் காட்டினாள். இடம் பத்தாமல் போனதையும், புரோகிராம் தாவியதையும் சொன்னாள். அனுசியா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“நான் அடிச்சதெல்லாம் இருக்குலா?”

“எல்லாம் இருக்கு. தப்பு என்னோடது. மூணு வாரம் உன்னப் போட்டுப் பாடாப் படுத்திட்டேன்.”

“அதுக்கு நீங்க மன்னிப்பு கேக்க வேண்டாம் மதினி. கணக்குன்னா தப்பும்.” அடுத்த உள்ளியை எடுத்தாள். “நேத்து நீங்க கேட்டது கணக்கப் பத்தி இல்லலா.”

ஆமாம், கணக்கைப் பற்றித்தான் என்று சொல்ல வேல்விழிக்கு வாய் எழுந்தது. மாமியாரிடம் அப்படித்தான் சொன்னாள்.

“இல்ல” என்றாள். “உன்னப் பத்தித்தான் கேட்டேன். எங்க குத்துனா உனக்கு வலிக்கும்னு தெரிஞ்சுதான் கேட்டேன்.”

அனுசியா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். அது உள்ளியாகவும் இருக்கலாம்.

“இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. அம்மா கேட்டுக்கிட்டு இருக்கையில கேட்டீங்க. அம்மா கிட்டயும் அண்ணே கிட்டயும் சொல்லணும்.”

சுபாஷ் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பார்வதியம்மாள் அவனுக்கு பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேர் முன்னாலும் நின்று வேல்விழி சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் காது சூடாகியது. சுபாஷ் தலை நிமிரவில்லை. “நானும்தான் ரெண்டு வருசமா வாயத் தொறக்கல” என்று பூட்ஸைப் பார்த்துச் சொன்னான்.

அவன் போன பிறகு அனுசியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மதினி, வெள்ளிக்கெழம தீசிஸ் குடுக்கணும்னு லீவு போட்டீங்கள்லா?”

“போட்டேன். இனி எதுக்கு?”

“எங்கூட புளியங்குடிக்கு வாங்க. என் சர்டிபிகேட்டெல்லாம் அங்கன கெடக்கு. தென்காசியில ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டருக்கு ஆள் கேக்காங்க. அண்ணன் வந்தா சண்டையாயிரும். தனியாப் போனா என்னைய உள்ள விடமாட்டாவ.”

வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஷட்டர் கீழே இறங்க மாட்டேன் என்றது. ரெண்டு பேரும் ஒரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கடையநல்லூர் தாண்டியதும் மழை விட்டது. அங்கே வைத்து சார் போன் பண்ணினார். “நாலு மாசம் குடுத்திருக்காங்க. கமிட்டி முன்னாடி வந்து நீயே விளக்கணுமாம். என்னையும் வரச் சொல்றான்” என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வைத்தார். வேல்விழி அதை அனுசியாவிடம் சொன்னாள். “நல்லது” என்றாள் அனுசியா. அவள் மடியில் கைகள் இறுகியிருந்தன.

புளியங்குடியில் வீடு, கமிஷன் கடைக்குப் பின்னால். கடை வாசலில் லாரி நின்றது. உள்ளே முழுக்க எலுமிச்சை மூட்டை. நெடி மூக்கில் ஏறியது. மாமியார்க்காரி வாசலை விட்டு நகராமல் நின்றாள்.

“எதுக்கு வந்த?”

“என் சர்டிபிகேட்ட எடுக்க வந்தேன் அத்தை. வேற எதுவும் வேண்டாம்.”

“கூட வந்துருக்கது யாரு?”

“எங்க மதினி.”

அந்த அம்மாள் வேல்விழியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினாள். அனுசியா வாங்கிக்கொண்டு நகரவில்லை. கடை மேசைமேல் வைத்து ஒவ்வொரு தாளாக எடுத்தாள். பத்தாம் வகுப்பு, டி.சி., டிகிரி, மூன்று வருஷத்து மார்க் ஷீட்டுகள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

“பிளஸ் டூ மார்க் ஷீட்டு இல்லயே.”

“இருந்தது அம்புட்டுதான்.”

“இல்ல அத்தை. இதுலதான் வச்சிருந்தேன்.”

சத்தம் கேட்டு அனுசியாவின் புருஷன் தில்லைநாயகம் லாரிப் பக்கமிருந்து வந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்தான். “பெறகு தேடி எடுத்து கொரியர்ல அனுப்புதேன். லோடு ஏத்துத நேரத்துல வந்து நின்னா எப்படி?”

“பெறகு வேண்டாம்” என்றாள் அனுசியா. “இப்பவே தேடுங்க.”

தில்லைநாயகம் வேல்விழி பக்கம் திரும்பினான். “டீச்சரம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாவலயா?”

வேல்விழி சுற்றிப் பார்த்தாள். கட்டி முடித்த ஒரு மூட்டை சுவரோரம் கிடந்தது. சேலையைச் செருகிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தள்ளி அனுசியாவுக்கும் இடம் விட்டாள்.

“ஆவட்டும்” என்றாள். “நீங்க பையப் பையத் தேடுங்க.”